பென்சில் புள்ளி

ஆஸ்பத்திரி என்று பெயர்தானே தவிர, மூன்று அறையும் முன்னால் ஒரு தகரக் கொட்டகையும்தான். ஒரு அறையில் டாக்டர், ஒரு அறையில் ஊசியும் மருந்தும், மூன்றாவது அறையில் புள்ளியக்கா. அவள் அறைக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே காலை ஏழு மணிக்கே வரிசை நிற்கும். அட்டையை நீட்டினால் வாங்கி, நம்பரைப் பார்த்து, இரும்பு அலமாரியிலிருந்து பதிவேட்டை உருவி, அந்தப் பக்கத்தில் தேதி போட்டு, டாக்டர் மேஜைக்கு அனுப்ப வேண்டும். ஒரு அட்டைக்கு ஒரு பக்கம். எப்போது என்ன நோய் வந்தது, என்ன கொடுத்தார்கள், எது ஒத்துக்கொண்டது, எல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கும். பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. பத்தொன்பது வருஷமாகத் தற்காலிக வேலை.

அட்டை வாங்குவது லேசான காரியம் இல்லை. விலாசத்துக்கு ஒரு காகிதம், ஆளுக்கு ஒரு காகிதம், இரண்டிலும் ஒரு அதிகாரியின் கையெழுத்து. அந்த அதிகாரி வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அந்த நாளிலும் நாற்காலி இருக்கும், அவர் இருக்க மாட்டார். தையல் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போகிற பெண்கள் எத்தனை நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு அலைவார்கள்? அதனால் அந்த வட்டாரத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டில் ஒரு கை உப்பு வாங்குகிற மாதிரி அட்டையை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

விதி என்ன சொல்கிறது என்று புள்ளியக்காவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் இடுப்பில் பிள்ளையும் உடம்பில் காய்ச்சலுமாக நிற்கிறவளிடம் எந்த வாயால் திரும்பிப் போ என்று சொல்வது? அட்டையை வாங்கிக்கொள்வாள். முகத்தை ஒரு தரம் பார்ப்பாள். அட்டைக்காரியே வந்திருந்தால் வரியை அப்படியே விடுவாள். வேறு ஆள் என்றால் வரியின் கடைசியில் பென்சிலால் ஒரு புள்ளி. அதே அட்டையில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தால் அவளுக்கு இரண்டு புள்ளி. ஒருத்திக்கு ஏதாவது மருந்து ஆகாது என்றால் அவளுடைய புள்ளி சிவப்புப் பென்சிலில் விழும். சிவப்பைக் கண்டதும், "நர்சம்மா, செவப்பு" என்று பக்கத்து அறைக்கு ஒரு குரல் கொடுப்பாள். நர்சு ஊசியைக் கீழே வைத்துவிட்டு வந்து என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு போவாள். எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லாத ஏற்பாடு இது. பழைய டாக்டருக்கும் தெரியும். தெரியாத மாதிரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

குறை சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஜன்னலில் ஒரு ஆளுக்குக்கூட மருந்து மாறிப் போனதில்லை.

புள்ளியக்காவின் சொந்த அட்டைக்கான பக்கத்திலும் புள்ளி உண்டு. அது அவள் தங்கைக்காக வைத்தது. தங்கை கல்யாணமாகிப் போன இடத்தில் புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். கட்டின துணியோடு இவள் வெளியே வந்தாள். காகிதங்கள் எல்லாம் அந்த வீட்டுப் பெட்டிக்குள்ளேயே தங்கிப்போயின. கேட்டு ஆள் அனுப்பினால், "பெட்டியைக் கறையான் தின்னுடுச்சு" என்று பதில் வந்தது. காகிதம் இல்லாதவளுக்கு அட்டை ஏது? அக்காவும் புருஷன் தவறிப்போய் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். ஒரே அடுப்பு, ஒரே பாய், ஒரே அட்டை என்று ஆகிவிட்டது.

தங்கைக்குத் தையல் கம்பெனியில் பித்தான் தைக்கிற வேலை. வாய் ஓயாது. "உன் அட்டைல எனக்கு அம்பத்து மூணு வயசுக்கா. கம்பெனில ஒருத்தன் என்னைப் பாத்துச் சிரிக்கிறான். அட்டையைக் காட்டினா ஓடியே போயிடுவான்" என்பாள்.

"ஓடட்டும் விடு. ஒருத்தன் பின்னால நீ ஓடினது பத்தாதா?"

"அப்ப எனக்கு அட்டைல வயசு கம்மி."

எட்டு வருஷம் முன்னால், தங்கை காலில் ஆணி ஏறிப் புண்ணாகி வந்தபோது ஒரு ஊசி போட்டார்கள். போட்ட ஐந்தாவது நிமிஷம் உதடு வீங்கி, மூச்சு இழுத்து, கண் செருகிவிட்டது. அப்போதிருந்த நர்சு கிழவி கைகாரி. மாற்று ஊசி போட்டு, மார்பைத் தேய்த்து, எமன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். "இந்த ஊசி இனிமே இந்தப் பொண்ணுக்குச் சாகிற வரைக்கும் கூடாது" என்றார் பழைய டாக்டர். ஊசிப் பெயரை எழுதினால் அது அட்டைக்காரிக்கே ஆகாது என்று ஆகிவிடும் என்பதால் அந்த வரியில் புண் என்று மட்டும் எழுதினார்கள். அன்றைக்குப் புள்ளியக்கா தன் பக்கத்தில் வைத்த சிவப்புப் புள்ளி காகிதத்தில் ஓட்டை விழுகிற அளவுக்கு அழுத்தமாக விழுந்தது. அதே ஊசியை அவளுக்கே மூன்று தடவை போட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றும் செய்ததில்லை. அந்த மூன்று வரியும் அதே பக்கத்தில்தான் இருக்கின்றன, புள்ளி இல்லாமல்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டர் என்றால் ஒரு சிலேட்டு அகலத்துக்கு டேப்லெட். அதைக் கொண்டுவந்த அதிகாரிக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பையன்தான், சும்மா சொல்லக்கூடாது. பதிவேடுகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி ஜீப்பில் ஏற்றிப் பெரிய ஆபீசுக்குக் கொண்டுபோனான். அங்கே பத்துப் பேர் உட்கார்ந்து மூன்று மாதம் தட்டித் தட்டி ஏற்றினார்களாம். மூட்டைகள் திரும்பி வந்து சைக்கிள் கொட்டகையில் விழுந்தன. டேப்லெட் மேஜைக்கு வந்தது.

"இனிமே அலமாரியெல்லாம் தேவையில்லக்கா. நம்பர் போட்டா போதும், மொத்த வரலாறும் வந்துடும். எங்க மருந்து பத்தலை, எங்க காய்ச்சல் பரவுதுன்னு மேல இருக்கிறவங்க அங்கிருந்தே பாத்துடலாம்."

நல்ல காரியம்தானே. புள்ளியக்காவுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மாதக் கடைசியில் ஒன்பது படிவத்தை மூன்று பிரதி எழுதி விரல் காய்த்தவள் அவள். தன் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். வரிசையாக வந்தது. தேதி சரி, மருந்து சரி, எழுத்து அச்சு மாதிரி. புள்ளி மட்டும் இல்லை. ஒன்றுகூட இல்லை.

"தம்பி, வரிக் கடைசில புள்ளி இருந்துச்சே, அதுக்கு எங்க எடம்?"

"எந்தப் புள்ளிக்கா?"

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த வாரம்தான் தற்காலிகக்காரர்களை நிரந்தரமாக்குகிற பட்டியலில் அவள் பெயர் பன்னிரண்டாவதாக வந்திருந்தது. ஒரு அட்டையில் இரண்டு ஆள் என்று சொன்னால் பட்டியலிலிருந்து பெயரை அடிப்பார்கள், வீட்டுக்கும் அனுப்புவார்கள். தங்கையும் தானும் வயதான காலத்தில் எதைத் தின்பது?

"ஒண்ணுமில்ல தம்பி. பென்சில் அழுக்கு" என்றாள்.

அழுக்கு என்று வாய் சொன்னதே தவிர மனது ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கணக்குப் போட்டாள். நிரந்தர உத்தரவு கைக்கு வரட்டும். வந்ததும் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, காகிதத்துக்கு வழி செய்து, தனி அட்டை போட்டுக் கொடுத்துவிடலாம். அதுவரைக்கும் அவள்தான் ஜன்னலில் இருக்கப்போகிறாள். டேப்லெட்டுக்குத் தெரியாவிட்டால் என்ன, அவளுக்குத் தெரியுமே. தங்கையிடம் மட்டும் கண்டித்துச் சொன்னாள்.

"நான் ஜன்னல்ல இல்லாத நாள் நீ ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வச்சுப் படுக்கக்கூடாது. தெரிஞ்சுதா?"

"நீ என்னிக்கு அந்த ஜன்னலை விட்டு எந்திரிச்சிருக்க? பசை போட்டு ஒட்டின மாதிரி."

எழுந்திரிக்க வைத்தது அந்த டேப்லெட்தான். இரண்டு நாள் பயிற்சி என்று பெரிய ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நான்கு மணி நேரம் பஸ். அவள் புறப்பட்ட காலையில் தங்கையின் கட்டைவிரலில் ஒரு சின்னக் கட்டு இருந்தது. முந்தின நாள் மிஷின் ஊசி ஏறி முனை முறிந்துவிட்டதாம்.

"பிடுங்கிட்டாங்கக்கா. நீ கிளம்பு, பஸ் போயிடும்."

இரண்டாவது நாள் காலையில் விரல் சுரைக்காய் மாதிரி வீங்கி, முழங்கை வரைக்கும் சிவந்து, குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. அக்கா சொன்ன சொல்லுக்காக உச்சிப்பொழுது வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கம்பெனிப் பெண்கள் இரண்டு பேர் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நர்சு சொல்லித்தான் புள்ளியக்காவுக்குத் தெரியும். நர்சு கிழவி ஓய்வு பெற்றுப் போய், இப்போது இருப்பவள் வந்து இரண்டு வருஷம். டாக்டர் வந்து ஐந்து மாதம். சாயங்காலம் நாலரை மணிக்குப் புள்ளியக்கா பஸ்ஸை விட்டு இறங்கி, கையில் பயிற்சி முடித்த காகிதத்தோடு கொட்டகைக்குள் வந்தபோது வரிசையும் இல்லை, சத்தமும் இல்லை. நர்சு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அட்டையை வாங்கி டாக்டரே நம்பர் போட்டாருக்கா, பேரைப் பாக்கல. உங்களுக்கு ஏதாச்சும் மருந்து ஒத்துக்காம போயிருக்கான்னு கேட்டாரு. எட்டு வருஷம் முன்னால ஒரு ஊசி போட்டு மூச்சு முட்டிடுச்சுன்னு அது சொல்லுச்சு. பேரு தெரியலைன்னுச்சு. டாக்டர் டேப்லெட்டைப் பாத்தாரு. இந்த ஊசியா இருக்காதும்மா, இதை உங்களுக்கு ஏற்கெனவே மூணு வாட்டி போட்டிருக்கு, ஒண்ணும் ஆகலைன்னு இருக்கே, போட்டுக்கிட்டீங்கதானேன்னாரு."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

நர்சு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"கொஞ்ச நேரம் பேசலக்கா. கதவைப் பாத்துச்சு. நீங்க இருக்கிற ஜன்னலைப் பாத்துச்சு. அப்புறம், ஆமாங்க டாக்டர், போட்டுக்கிட்டேன்னுச்சு."

புள்ளியக்கா கையிலிருந்த பயிற்சிக் காகிதத்தை நாலாக மடித்தாள்.

"சோதிச்சுப் பாத்துப் போடலாமான்னு கேட்டேன். மூணு வாட்டி போட்ட உடம்புக்கு எதுக்குன்னாரு. நானும் உங்க அறையை ஒரு வாட்டி பாத்தேன். செவப்புன்னு குரல் வரலியேக்கா. குரல் வரலைன்னா போடலாம்னுதானே நமக்கு."

ஊசி போட்ட ஐந்தாவது நிமிஷம் மூச்சு இழுத்தது, மாற்று ஊசியைத் தேடினார்கள். பெட்டியில் ஒன்றுதான் இருந்தது. அது பத்தவில்லை.

தங்கை ஆமாங்க என்று சொன்னதுதான் புள்ளியக்காவுக்குத் தாங்கவில்லை. ஊசி கொன்றது, டாக்டர் கொன்றார், டேப்லெட் கொன்றது என்று யார் என்ன சொன்னாலும், தங்கை கதவைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தை அவளால் தாண்ட முடியவில்லை. இல்லை டாக்டர், அது எங்க அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உயிர் நின்றிருக்கும். அக்காவின் வேலை போயிருக்கும். அந்த வாயாடிப் பெண் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வாயைக் கட்டினாள்.

அடக்கம் செய்யக் காகிதம் கேட்டார்கள். டேப்லெட்டிலிருந்து வந்த காகிதத்தில் புள்ளியக்காவின் பெயர், புள்ளியக்காவின் வயது, புள்ளியக்காவின் நம்பர். செத்தது தான்தான் என்று எழுதிய காகிதத்தைத் தன் கையாலேயே கொடுத்துத் தங்கையை மண்ணில் வைத்துவிட்டு வந்தாள்.

நாலாவது நாள் கம்ப்யூட்டர் அதிகாரி வீட்டுக்கே வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமல் வாசலிலேயே நின்றான்.

"நடந்தது நடந்துடுச்சுக்கா. இதை இப்படியே விட்டுடுங்க. உங்களுக்கு வேற நம்பர்ல சத்தமில்லாம ஒரு அட்டை போட்டுத் தர்றேன். டாக்டரும் வாயைத் திறக்க மாட்டாரு, அவருக்கும் பயம் இருக்கு. உங்க நிரந்தர உத்தரவு கையெழுத்தாகி என் மேஜைல கிடக்குது."

"தம்பி, என் அட்டை மாதிரி இன்னும் எத்தனை இருக்கு தெரியுமா?"

"தெரிய வேணாம்க்கா. எனக்குத் தெரிஞ்சா நான் எழுதணும்."

"இன்னொருத்தி வந்து நிப்பா. அவளுக்கும் டேப்லெட் பழைய கதை சொல்லும்."

"நீங்கதான் ஜன்னல்ல இருப்பீங்களே. பாத்துக்க மாட்டீங்களா?"

"ரெண்டு நாள் எந்திரிச்சுப் போனேன். பாத்தல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எழுதிக் குடுத்தா உங்க கழுத்துல நீங்களே கயிறு மாட்டிக்கிற மாதிரிக்கா."

"அதான் ஏற்கெனவே செத்தாச்சே உங்க டேப்லெட்ல. செத்தவளுக்கு என்னத்துக்குப் பயம்?"

அவன் போன பிறகு அவள் முகம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சைக்கிள் கொட்டகையில் மூட்டைகள் பழைய பேப்பர்காரனுக்காகக் காத்துக் கிடந்தன. எலி கடித்திருந்தது. ஒரு மூட்டை மழையில் நனைந்து ஊறிக் கூழாகியிருந்தது. மூன்று நாள், காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் கண் மங்குகிற வரைக்கும், தரையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். புள்ளி வைத்த வரி வரும்போதெல்லாம் முகம் ஞாபகம் வரும். செங்கல் சூளைப் பெண், சர்க்கரை உண்டு, அட்டை அவள் ஓரகத்தியுடையது. கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள், பிள்ளை தங்காதவள், அட்டை பக்கத்து வீட்டுக்காரியுடையது. எழுதினாள். நாற்பத்து மூன்று அட்டை. தொண்ணூற்றொரு பெண்கள். சிவப்பு மட்டும் ஆறு. நனைந்த மூட்டையில் எத்தனை போயிற்றோ, அதற்குக் கணக்கு இல்லை.

பட்டியலை டாக்டர் மேஜையில் வைத்தாள். அவர் முதல் பக்கத்தைப் படித்தார். சவரம் செய்யாத சின்ன வயசு முகம். அந்தப் பிள்ளைக்கும் தூக்கம் இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது.

"இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்தார்.

"ஆமா டாக்டர்" என்றாள். அவர் பட்டியலில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அதற்காக அவரை எங்கேயோ தூரத்துக்கு மாற்றினார்கள் என்று கேள்வி.

பதினைந்தாம் நாள் புள்ளியக்காவுக்குச் சீட்டுக் கிழிந்தது. அதோடு விட்டார்களா? விசாரணை முடிகிற வரைக்கும் நாற்பத்து மூன்று அட்டையும் செல்லாது என்று ஜன்னலில் ஒரு தாளை ஒட்டினார்கள். உயிரோடு இருந்த அத்தனை பெண்களும் வெளியே நின்றார்கள். சர்க்கரை மாத்திரை இல்லாமல் செங்கல் சூளைப் பெண்ணுக்குத் தலை சுற்றியது. அவள் தெருவில் புள்ளியக்காவைப் பார்த்து, "உன் தங்கச்சி போனா எங்களையும் கூட அனுப்பப் பாக்குறியா? வாயை மூடிட்டு இருந்தா உன் சொத்தா அழிஞ்சிடும்?" என்று கேட்டாள். புள்ளியக்கா கடந்து போனாள். அவள் செய்தது சரியா தப்பா என்று ஊரில் இன்னும் பேச்சு ஓயவில்லை. சரிதான் என்று இந்தக் கதை சொல்லும். ஆனால் செங்கல் சூளைப் பெண்ணிடம் போய் அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

எட்டு மாதத்தில் இருபது அட்டை பிரிந்து தனித்தனியானது. மற்றது நடக்கிறது என்றார்கள். சிவப்பு ஆறில் ஐந்து பேருக்கு டேப்லெட்டைத் திறந்ததும் முதல் வரியிலேயே எச்சரிக்கை வருகிற மாதிரி செய்துவிட்டான் அந்தக் கம்ப்யூட்டர் தம்பி. ஆறாவது ஆள் அவள் தங்கை.

புள்ளியக்கா இப்போது இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். திங்கட்கிழமை மட்டும் போவதில்லை. அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பாள், கம்பிக்கு இந்தப் பக்கம். ஜன்னலில் இருப்பவள் புதிதாக வந்த பெண். மரியாதைக்காரி.

"அம்மா, போன வாரமும் சொன்னேனே. உங்க நம்பர் இறந்தவங்க நம்பர். உயிரோட இருக்கிறதுக்குக் காகிதம் கொண்டுவந்தா மாத்தலாம்."

"என்னுது கிடக்கட்டும்மா. செத்தது என் தங்கச்சி. அவ பேருல அந்தச் சாவை எழுது. அது போதும்."

பெண் மறுபடியும் டேப்லெட்டில் தேடினாள். தேடாமல் சொல்லக் கூடாது என்று தேடினாள் போலிருக்கிறது.

"அந்தப் பேருல சிஸ்டத்துல ஆளே இல்லீங்களேம்மா. இல்லாத ஆள் எப்படிம்மா இறந்திருக்க முடியும்?"

புள்ளியக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடையில் வாங்கின பிளட் பிரஷர் மாத்திரை தீர்ந்து இரண்டு மாதமாயிற்று, காலையிலிருந்து பின்மண்டை பிளந்துகொண்டிருந்தது. பின்னால் நின்ற ஒருத்தி, தையல் கம்பெனிப் பெண், இடுப்பிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து அவள் கைக்குள் திணித்தாள்.

"இந்தாங்கக்கா, என்னுதைக் குடுங்க. மாத்திரைதானே. இந்தப் பொண்ணு முகம் பாக்காது, நம்பர்தான் பாக்கும்."

அட்டை சூடாக இருந்தது, உடம்பின் சூடு. புள்ளியக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள். வேறு ஒருத்தியின் பெயர், இருபத்தொன்பது வயது.

"உள்ள வைம்மா" என்று திருப்பிக் கொடுத்தாள். "யாருக்கும் குடுக்காத. உன் உடம்புக்கு ஒண்ணுன்னா உன் கதைதான் அதுல இருக்கணும்."

"அப்ப உங்களுக்கு மாத்திரை?"

"அடுத்த வாரம் பாப்போம்."

வரிசையை விட்டு விலகி, கொட்டகையின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. ஜன்னல் மூடுகிற வரைக்கும் அங்கேயே இருந்து, வருகிற ஒவ்வொருத்தியின் கையில் இருக்கும் அட்டையையும் பிறகு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடுகிற நேரத்துக்குப் புதுப் பெண்ணிடம் போய், அன்றைக்கு அட்டை மாறி வந்தவர்கள் நான்கு பேரையும் ஒவ்வொருத்தியாகச் சொன்னாள். பெண் முதலில் முழித்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். எதில் எழுதுவது என்று தெரியாமல் மேஜையெல்லாம் காகிதம் தேடினாள்.